பிடிக்கு அடியில் இருந்த எண்

துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று கேட்டார்கள். இந்த வருடம் இரண்டு பெண்களும் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களையும் சேர்த்துத்தான் தம்பிகளே என்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஸ்பிரிங் எப்படி மாட்டுவது, துருவை எப்படி எடுப்பது என்பதையெல்லாம் உங்கள் பட்டறையிலேயே சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். நான் சொல்லப்போவது வேறு. உரிமப் புத்தகத்தோடு ஒருவர் உங்கள் கடைக்கு வருவார். கைத்துப்பாக்கியை மேசைமேல் வைப்பார். "என் துப்பாக்கி, என் இஷ்டம். இப்படி இப்படி மாத்திக் குடுங்க" என்பார். அப்போது நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

கொடைக்கானல் பஜாரிலிருந்து ஏரிக்கு இறங்கும் வழியில் முப்பத்தைந்து வருடம் கடை வைத்திருந்தேன். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் ஓர் அறை, அதில் பட்டறை மேசை, சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட என் தொழில் உரிமம். எஸ்டேட்டுக்காரர்கள், ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள், ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர்கள், மேல்மலை விவசாயிகள் என்று எல்லாரும் வருவார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதை வேறு மாதிரி ஆக்கிப் பார்க்கும் ஆசை உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிள் வாங்கியவன் சைலன்சரை மாற்றுகிறான் அல்லவா, அந்த ஆசைதான்.

ஒரு மண்டிக்காரர் வந்தார். கழுத்தில் தடிமனாகச் சங்கிலி. "பாய், கொழாய மட்டும் நீளமா மாட்டிவிடுங்க, சினிமாவுல வர்ற மாதிரி" என்றார்.

"ஒங்க புத்தகத்துல கொழாய் நீளம் எழுதிருக்குங்க. நீளமாக்கிட்டா இது வேற துப்பாக்கி. அதுக்கு ஒங்ககிட்ட லைசென்ஸ் இல்ல, எங்கிட்டயும் இல்ல" என்றேன்.

"ரெண்டு இஞ்சுதான பாய்!"

"ரெண்டு இஞ்சுதாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் போறதுக்கு அது போதும்."

முறைத்துக்கொண்டே போனார். அடுத்த மாதம் எண்ணெய் போட்டுத் துடைக்க என்னிடமே வந்தார். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவனிடம்தான் ஆட்கள் திரும்பி வருவார்கள், பயப்படாதீர்கள். விடுதி நடத்தும் ஒரு பையன் சிவப்பு விளக்குப் பொருத்தச் சொன்னான். சுவரில் சிவப்புப் பொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பஜாரில் பேனா மாதிரி விற்கிறது, அதை வாங்கிக்கொள் என்று அனுப்பினேன். இன்னொருவர் பீன்ஸ் தோட்டத்தில் காட்டுமாடு நிற்கிறது, ரிவால்வரின் வேகத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்றார். "கைத்துப்பாக்கிய வச்சுக் காட்டுமாட்டச் சுட்டா அதுக்குக் கோவம்தாங்க வரும். நீங்க பொழச்சு வந்தாலும் பாரஸ்ட்காரங்க தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். விசையை இலேசாக்கச் சொல்பவர்களும் உண்டு. இலேசாக்கினால் சுட வேண்டாத நேரத்தில் சுட்டுவிடும், சுட வேண்டிய நேரத்தில் டிக் என்று சத்தம் மட்டும் வரும். துப்பாக்கியைச் செய்தவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

எனக்கு இருந்தது ஒரே கணக்குதான். வேலை முடிந்த பிறகு உரிமப் புத்தகத்தையும் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இது அதுதான் என்று முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரர் சொல்ல வேண்டும். குழல், குண்டின் அளவு, எண் இந்த மூன்றிலும் யார் சொன்னாலும் கை வைக்கக் கூடாது. தேய்ந்துபோன உறுப்பை அதே மாதிரி உறுப்பாக மாற்றலாம். பிடியை மாற்றலாம், கை பிடிக்கத்தானே பிடி. அதிலும் சந்தேகம் வந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

என்னிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கடைக்குள் வரும் எந்தத் துப்பாக்கியானாலும் முதல் வேலையாக அதன் எண்ணின் மேல் மெல்லிய வெண்ணெய்த்தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பேன். பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். தேய்த்த தாளை நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் பெயர் எழுதிவைப்பேன். கையால் எழுதினால் மூன்று எட்டாகிவிடும். தேய்த்தால் இரும்பில் இருப்பதுதான் தாளில் வரும். இந்தப் பழக்கத்தைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். நான் விடவில்லை. அதில் எனக்கு நிறையவே கர்வம் இருந்தது.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நான்தான் ஒரு துப்பாக்கியில் பெரிய தப்புச் செய்தேன். அது தப்பு என்று எனக்குத் தெரியவே இருபது வருடம் ஆயிற்று.

பேத்துப்பாறை மலைக்கிராமத்தில் வெள்ளையம்மாள் என்று ஒரு விவசாயி. அவளுடைய கணவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது மலைப்பாதையில் யாரோ இரண்டு முறை அவரை வழிமறித்து அடித்தார்கள். அதன் பிறகு அவர் உரிமம் வாங்கி, ஓர் எஸ்டேட்டுக்காரரிடமிருந்து முறைப்படி ஒரு பழைய வெளிநாட்டு ரிவால்வரை வாங்கினார். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அந்தம்மா மனுப்போட்டு, அலைந்து, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். தோட்டத்து வீட்டில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறவள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

உரிமம் கைக்கு வந்த வாரமே என் கடைக்கு வந்தாள். "பாய், இது அவரு கைக்குச் செஞ்சது. எனக்கு வெரல் எட்டலை" என்று பிடித்துக் காட்டினாள். உண்மைதான். பெரிய மரப்பிடி, சின்னக் கை. பிடியை மெலிதாக்கலாம், சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. பழைய மேசைக்கால் ஒன்றை அறுத்துத் தேக்கில் மெலிதாக ஒரு பிடி செய்து பொருத்திக் கொடுத்தேன். அவள் கையில் அது அழகாக உட்கார்ந்தது. நானே செய்ததில் எனக்குப் பிடித்த வேலைகளில் அதுவும் ஒன்று.

இருபது வருடம் கழிந்தது. ஒரு தேர்தல் அறிவிப்பு வந்திருந்த நேரம். தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ரைட்டர் உரிமப் புத்தகத்தைப் பிரித்து, துப்பாக்கியின் எண்ணைப் பார்த்து, ரசீது போடுவார். அந்த முறை வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலையில் நான் கடையைத் திறக்கும்போதே வெள்ளையம்மாளும் அவள் மகள் கௌசல்யாவும் வாசலில் நின்றார்கள்.

"வெள்ளனே மொத பஸ்ஸுக்கே கெளம்பிட்டோம் பாய்" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேசைமேல் ரிவால்வரை எடுத்து வைத்தாள். நான் ஆடிப்போனேன். கருநீலமாக இருந்த துப்பாக்கி பளபளவென்று வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. விசைக்குப் பக்கத்தில் காய்ந்த குங்குமம் வேறு.

"என்ன தங்கச்சி இது, குத்துவெளக்கு மாதிரி மின்னுது?"

"குத்துவெளக்கோடதான் பாய் போச்சு" என்றாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஆயுத பூஜைக்கு அருவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் அவளே தேய்த்துக் கழுவியிருக்கிறாள். குத்துவிளக்கையும் சொம்பையும் பழனியில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் கடைக்குக் கொண்டுபோகும்போது, பீரோவில் இருந்த ரிவால்வரையும் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "சாமி முன்னாடி வைக்கிறோம், இது மட்டும் கறுப்பா அழுக்கா இருக்கேன்னு நெனச்சேன் அங்கிள். புல்லட் எல்லாம் அம்மா தனியா பூட்டித்தான் வச்சிருந்தாங்க. கடைக்காரரு இது டம்மியான்னு கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்."

பாலிஷ் சக்கரத்துக்குக் குத்துவிளக்கும் ஒன்றுதான், துப்பாக்கியும் ஒன்றுதான். வழித்து எடுத்துவிட்டது. உடம்பில் பொறித்திருந்த எண்ணில் ஒரு ஏழின் கால் மட்டும் மிச்சம். பூஜை முடிந்ததும் பீரோவுக்குள் போய்விட்டது; எண் அழிந்ததை, ஒப்படைப்பதற்காக எடுத்தபோதுதான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏம்மா, படிச்ச புள்ளதான நீ? லைசென்ஸ் இல்லாத கையில துப்பாக்கியக் குடுக்கலாமா? நம்பர் அழிஞ்ச துப்பாக்கி எவங்கிட்ட இருக்கோ அவந்தான் அழிச்சான்னு சட்டம் எடுத்துக்கும், தெரியுமா? இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது ஒங்க சோலி!" என்று கத்தினேன். அந்தப் பெண் அழவில்லை. கையை மட்டும் பிசைந்துகொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாள்தான் சொன்னாள். "பாய், அவ வனக்காவலர் பரிச்சை பாஸ் பண்ணிட்டா. போலீஸ் வெரிபிகேசன் மட்டுந்தான் பாக்கி. இப்பக் கேசு ஆச்சுன்னா எல்லாம் போச்சு. அஞ்சு வருசமாப் படிச்சா பாய். பூண்டு உரிச்சுக்கிட்டே படிச்சா." அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பிறகு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒங்ககிட்ட நம்பர் அடிக்கிற உளி இருக்குல்ல. ரெண்டு தட்டு தட்டிக் குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

உளி இருந்தது. மேசை இழுப்பறையில், அதே அளவில்.

"மாட்டேன் தங்கச்சி."

"பொய் நம்பரா அடிக்கச் சொல்றேன்? புத்தகத்துல இருக்க நம்பரத்தான சொல்றேன்?"

"சரியான நம்பராவே இருக்கட்டும். ஆனா அடிச்சது நானு. துப்பாக்கி செஞ்சவன் அடிச்சதுக்கும் நா அடிச்சதுக்கும் வித்தியாசம் லேபுல ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். இப்ப நடந்தது தெரியாம நடந்த தப்பு. உளிய எடுத்தா அது தெரிஞ்சு செஞ்ச தப்பு. ஒங்க மகளத் தப்பிக்க வைக்கிறேன்னு நானே உள்ள தள்ளிருவேன்."

தம்பிகளே, இதுவரைக்கும் நான் சரியாகத்தான் பேசினேன். அடுத்ததாகச் சொன்னதும் நல்ல தைரியமாகத்தான் சொன்னேன். "பயப்படாதீங்க. இந்த மாதிரிப் பழைய துப்பாக்கியில பிடிக்கு அடியில இன்னொரு தடவ நம்பர் அடிச்சிருப்பான். பாலிஷ் சக்கரம் அங்க போகாது. அதக் காட்டி எழுதிக் குடுத்துருவோம்" என்று திருப்புளியை எடுத்தேன். இருவருக்கும் மூச்சு வந்தது.

தேக்குப் பிடியைக் கழற்றினேன். எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் இழுத்த நாலு கோடு.

நான் இடது கைக்காரன். என் அரம் இழுத்த கோடு மற்றவர்கள் இழுப்பதற்கு எதிர்ப்பக்கம் சாயும். அந்த நாலும் என் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பிடியைச் செய்தது எங்கள் பெருநாளுக்கு முந்தின நாள். பிடி உட்காராமல் ஓர் ஓரத்தில் முட்டியது. முறைப்படி மரத்தைத்தான் சீவ வேண்டும். சீவினால் அது வெடித்துவிடும், இன்னொரு கட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே ஓர் எண் இருக்கிறதே, உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இரும்பில் அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. எண்ணில் கை வைக்கக் கூடாது என்று ஊருக்கே சொன்னவன் கையை வைத்துவிட்டு இருபது வருடம் மறந்தும் போயிருக்கிறேன்.

"நம்பர் இருக்கா அங்கிள்?" என்று கௌசல்யா எட்டிப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றேன். "இருங்க, பழைய நோட்டுல தேய்ச்ச தாள் இருக்கும்."

பின்னறைக்குப் போனேன். வருடவாரியாக அடுக்கிவைத்திருந்ததால் அந்த நோட்டு உடனே கிடைத்தது. பக்கத்தைப் புரட்டினேன். மேலே ஒரு தேய்ப்பு, உடம்பில் இருந்த எண். கீழே இன்னொன்று, பக்கத்தில் என் கையெழுத்தில் "பிடிக்கு அடியில்" என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் ஒரே எண், உரிமத்தில் உள்ள அதே எண். வெள்ளையம்மாளைக் காப்பாற்றுகிற காகிதம் அதுதான். பிடிக்கு அடியில் எண் இருந்த நிலையில் துப்பாக்கி என் கைக்கு வந்தது என்று என்னைக் காட்டிக்கொடுக்கிற காகிதமும் அதுதான்.

வெளியே வந்து, "கெடைக்கல தங்கச்சி" என்றேன். எவ்வளவு சாதாரணமாக வந்தது அந்தப் பொய் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "நீங்க போயிச் சாப்பிட்டுட்டு வாங்க. மூணு மணிக்கு வாங்க. அதுக்குள்ள நல்லாத் தேடி வைக்கிறேன்."

துப்பாக்கியைப் பழுதுக்குப் பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போனார்கள். கடையில் நான் மட்டும். மதிய லுஹர் தொழுகையைத் தொழுதேன். மனது தொழுகையில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும்.

பிளேடை எடுத்தேன். பக்கத்தின் கீழ்ப்பாதியை நேராக வெட்டிவிட்டால் போதும். மேல் தேய்ப்பு ஒன்றே அவர்களுக்குச் சாட்சி. அவர்களும் தப்பித்தார்கள், நானும் தப்பித்தேன், யாருக்கும் கெடுதல் இல்லை. சுவரில் என் உரிமம் தொங்குகிறது. வீட்டில் கடைசி மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். பிளேடைத் தாளின் மேல் வைத்தும் விட்டேன்.

அப்போதுதான் தொழில் தெரிந்தவனாக ஒரு நிமிடம் யோசித்தேன். இந்தத் துப்பாக்கி எப்படியும் ஆய்வுக் கூடத்துக்குப் போகும். அங்கே முதல் வேலையாகப் பிடியைக் கழற்றுவார்கள். பாலிஷ் சக்கரம் போக முடியாத இடத்தில் அரக்கோடு இருப்பதைப் பார்ப்பார்கள். வெளியே ஓர் எண் போயிருக்கிறது, உள்ளேயும் ஓர் எண் போயிருக்கிறது, இது எப்படி ஆயுத பூஜைக்கு மெருகேற்றியது ஆகும் என்று கேட்பார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? நானாக இருந்தாலும் கேட்பேன். அந்தப் பெண் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அந்த நாலு கோட்டை இழுத்தது யார் என்று சொல்லாவிட்டால் அவள் சொல்வதை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அதைச் சொல்லக்கூடியவன் நான் ஒருத்தன்தான். நான் வெட்டி எறிய இருந்தது என் தப்பை இல்லை, அவளுடைய உண்மையை.

பிளேடை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். நோட்டை விரித்து முன்னால் வைத்தேன். "இது ஒங்க துப்பாக்கியோட தேய்ப்பு. கீழ இருக்கது பிடிக்கு அடியில இருந்த நம்பர். அத அராவுனது நாந்தான் தங்கச்சி. பிடி மாட்டுறப்ப அராவிட்டேன். ஸ்டேசன்ல நானே சொல்றேன்."

கௌசல்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலைல என்னைய அவ்வளவு திட்டுனீங்களே அங்கிள்! நான் தெரியாம பண்ணேன். நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க!"

"ஏ புள்ள, வாய மூடு" என்றாள் அம்மா.

"அவ பேசட்டும் தங்கச்சி. நாயந்தான அது" என்றேன்.

அன்று சாயங்காலமே மூவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி இரண்டு கடிதமாக எழுதினோம். ஒன்று அவர்களுடையது, ஒன்று என்னுடையது. மழுப்பாமல், சுற்றி வளைக்காமல், யார் எதைச் செய்தார்கள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். பாலிஷ் கடைக்காரரிடம் டம்மி என்று சொன்னதைக்கூட விடவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டையும் படித்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்த நா வாங்கிக்கிட்டா அந்தம்மாவுக்கு நல்லது. ஒங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா பாய்?"

"தெரியும்ங்க."

"கேட்டாத்தான குடுக்கணும்? நா கேக்கவே இல்லையே?"

"கேட்டுருந்தா இன்னும் வெக்கமா இருந்திருக்கும்ங்க" என்றேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரைட்டரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்.

ஆய்வுக் கூடத்தில் மெருகுக்கு அடியில் அழுந்திக் கிடந்த எண்ணை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அது என் தாளில் இருந்த எண்ணோடு பொருந்தியது. அரக்கோடு பழையது, பாலிஷ் புதியது என்றும் எழுதினார்கள். வெள்ளையம்மாளுக்கும் மகளுக்கும் எழுத்து மூலம் கடுமையான எச்சரிக்கை வந்தது, வழக்கு வரவில்லை. தாங்களாகவே வந்து சொன்னதும் கையில் சான்று இருந்ததும்தான் காரணம். எல்லா ஊரிலும் எல்லா அதிகாரியும் இப்படித்தான் முடிப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கௌசல்யாவுக்கு வேலை கிடைத்தது. இப்போது காக்கி உடுப்போடு காட்டுக்குள் நடக்கிறாள்.

என்னைப் பொறுத்தவரை, விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, ஆமாம் என்று எழுதினேன். ஆறு மாதம் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். சீசன் முழுக்கக் கடை மூடிக்கிடந்தது. ஏரிக்குப் போகிற கூட்டமெல்லாம் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு போயிற்று. பஜாரில் கேட்டவர்களிடம் என் தப்பு என்று நானே சொன்னேன். மூன்றாம் நாளோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றும் சொல்கிறேன், அந்த ஆறு மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

கடையைத் திறந்த மாதமே மாவட்ட அலுவலகத்தின் எழுத்து உத்தரவோடு வெள்ளையம்மாளின் ரிவால்வர் என்னிடம் வந்தது. வெளியில் எண்ணை மறுபடி பொறிக்க வேண்டும், உள்ளேயும் பொறிக்க வேண்டும், பொறித்ததைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த உளியை அப்போதுதான் எடுத்தேன். அடித்ததைக் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்தும் வாங்கினேன். பழைய தேக்குப் பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன். இந்த முறை இரும்பைத் தொடவில்லை, மரத்தையே சீவினேன். இரண்டு கட்டை வெடித்தது. மூன்றாவது உட்கார்ந்தது.

வாங்கிப்போக அவள் மட்டும் வந்தாள். பிடித்துப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். நான் தயங்கித் தயங்கி, "அன்னைக்கு மூணு மணி வரைக்கும் ஒங்களக் காக்க வச்சதுக்கு மன்னிச்சிருங்க தங்கச்சி. நோட்டு காலைலேயே கெடைச்சிருச்சு" என்றேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"தெரியும் பாய்."

"தெரியுமா?"

"நீங்க உள்ள நிக்கிறது இந்தக் கண்ணாடி அலமாரியில தெரியும்ல. நோட்டப் பிரிச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னீங்க. அப்பறம் மூடி வச்சுட்டு வந்து கெடைக்கலன்னீங்க."

"பெறகு ஏன் தங்கச்சி ஒண்ணும் கேக்கல? ஒங்க மக வாழ்க்கையில்ல அது?"

"கேட்டா அந்தத் தாளே இல்லைன்னுதான சொல்லிருப்பீங்க? ஒருக்கா எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டா அப்பறம் மாத்த முடியாதுல பாய். அதான் பேசாமச் சாப்பிடப் போனேன்." சிரித்தாள். "எங்க சாப்பிட்டேன்? எலையில வச்ச சோறு அப்பிடியே கெடந்துச்சு."

வழக்கம்போல் வெண்ணெய்த்தாளை எடுத்து எண்ணின் மேல் வைத்தேன். பென்சிலைத் தேடினால், அது ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

"ரெண்டு எடத்தையும் நானே தேய்க்கிறேன் பாய்" என்றாள். "நீங்க பிடியக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன்.